ஈமாக்ஸ் எந்தத் திரையில் எழும்? டிஸ்ப்ளே தொடக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குனு ஈமாக்ஸின் மூலநிரலைத் திறந்து பார்க்கும் புதியவர்களில் பலர் முதலில் மாட்டிக்கொள்வது டிஸ்ப்ளே தொடங்கும் பகுதியில்தான். ஒரே எடிட்டர் லினக்ஸில் எக்ஸ் (ஜன்னல்களைக் காட்டும் அமைப்பு) ஜன்னலாக வருகிறது, எஸ்எஸ்எச் வழியாக இன்னொரு கணினிக்குள் போனால் கறுப்புத் திரையில் வருகிறது, விண்டோஸிலும் மேக்கிலும் வருகிறது, இப்போது ஆண்ட்ராய்டு போனிலும் வருகிறது. இதையெல்லாம் யார், எப்போது, எந்த வரிசையில் முடிவு செய்கிறார்கள் என்பதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது?

எஸ்ஆர்சி அடைவில் இருக்கும் டிஸ்ப்நியூ.சி என்ற கோப்பு. அதில் கடைசிப் பகுதிக்குப் போய் "இனிட்_டிஸ்ப்ளே" என்ற ஃபங்ஷனைத் தேடுங்கள். அது ரொம்பச் சின்னது: ஈமாக்ஸ் பேட்ச் முறையில் (திரையே இல்லாமல் கொடுத்த வேலையை மட்டும் முடித்துவிட்டுப் போகும் முறை) ஓடுகிறதா என்று பார்க்கும், ஆமாம் என்றால் திரைக்கான வேலை எதையும் தொடாமல் போய்விடும், இல்லை என்றால் "இனிட்_டிஸ்ப்ளே_இன்டராக்டிவ்" என்ற இன்னொரு ஃபங்ஷனைக் கூப்பிடும். நாம் பேசப்போகும் விஷயத்தில் பாதி இந்த இரண்டாவது ஃபங்ஷனுக்குள் இருக்கிறது. மீதிப் பாதி சி நிரலிலேயே இல்லை, ஈமாக்ஸின் பெரும்பகுதி எழுதப்பட்டிருக்கும் லிஸ்ப் மொழியில் இருக்கிறது. இது தெரியாமல் சி கோப்புகளுக்குள்ளேயே தேடிக் களைத்துப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எத்தனை வகை டிஸ்ப்ளே இருக்கிறது?

டெர்ம்ஹுக்ஸ்.எச் கோப்பில் "அவுட்புட்_மெத்தட்" என்ற பட்டியல் இருக்கிறது. எழுத்து டெர்மினல் ஒன்று, எக்ஸ் விண்டோ ஒன்று, எம்எஸ்-டாஸ் ஒன்று (ஆமாம், இன்னும் இருக்கிறது), விண்டோஸ், மேக்குக்கும் குனுஸ்டெப்புக்குமான என்எஸ், எக்ஸுக்கு மாற்றான வேலண்டுக்காக வந்த பிஜிடிகே, ஹைக்கூ இயங்குதளம், ஆண்ட்ராய்டு. இவற்றோடு "இனிஷியல்" என்று ஒன்றும் உண்டு. அது எந்தத் திரையும் இல்லாத வகை. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

பட்டியல் நீளமாக இருந்தாலும் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள்: நீங்கள் கம்பைல் செய்த ஒரு ஈமாக்ஸுக்குள் இவை எல்லாம் இருக்காது. ஒரே ஒரு ஜன்னல் முறை, கூடவே எழுத்து டெர்மினல், அவ்வளவுதான். எக்ஸா பிஜிடிகேயா என்பது கன்ஃபிகர் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. அதனால் ஃபங்ஷனுக்குள் வரிசையாக வரும் இஃப்டெஃப் துண்டுகளை (கம்பைல் செய்யும்போதே சேர்ப்பதா வெட்டுவதா என்று முடிவாகும் பகுதிகளை) பார்த்து "இத்தனையையும் ஓடும்போது சோதிக்கிறதா" என்று பயப்பட வேண்டாம். ப்ரீப்ராசஸர் வெட்டிப் போட்டபிறகு மிஞ்சுவது ஒரு கேள்விதான்: ஜன்னலா, டெர்மினலா?

ஃபிரேம், டெர்மினல் இரண்டும் ஒன்றா?

இல்லை. டெர்மினல் என்பது ஈமாக்ஸ் பேசும் ஒரு கருவி: ஒரு எக்ஸ் சர்வர் இணைப்பு, அல்லது ஒரு டிடிஒய் (எழுத்து மட்டும் வரும் டெர்மினல்). ஃபிரேம் என்பது அந்தக் கருவியில் தெரியும் ஒரு ஜன்னல். ஒரு டெர்மினலில் பல ஃபிரேம்கள் இருக்கலாம். ஒவ்வொரு ஃபிரேமும் தன் டெர்மினலைக் காட்டும் ஒரு பாயிண்டரை வைத்திருக்கும், ஒவ்வொரு டெர்மினலும் தன்னை எத்தனை ஃபிரேம்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்ற எண்ணிக்கையை வைத்திருக்கும்.

இந்தப் பிரிவு ஆரம்பத்திலிருந்தே இப்படி இருந்ததில்லை. பல டிடிஒய்களை ஒரே ஈமாக்ஸ் கையாளும் வேலையை கரோய் லோரன்டெய் ஒரு தனிக் கிளையில் செய்தார், அது 2007-இல் முதன்மைக் கிளையோடு சேர்ந்தது, 2009-இல் வெளியான ஈமாக்ஸ் 23-இல் எல்லோருக்கும் கிடைத்தது. ஒரே ஈமாக்ஸை மேசைக் கணினியில் ஜன்னலாகவும், அதே நேரத்தில் எஸ்எஸ்எச் வழியாக டெர்மினலிலும் திறந்து வைத்துக்கொள்ள முடிகிறதே, அது அந்த உழைப்பின் பலன். பழைய கட்டுரைகளில் "விண்டோ-சிஸ்டம்" என்ற மாறியை ஈமாக்ஸ் முழுவதற்கும் ஒரே மதிப்பு என்பதுபோல எழுதியிருப்பார்கள். 23-க்குப் பிறகு அது டெர்மினலுக்கு டெர்மினல் மாறும். முதல் ஃபிரேமுக்கு என்ன முடிவானது என்பதை மட்டும் "இனிஷியல்-விண்டோ-சிஸ்டம்" என்ற வேறொரு மாறி சொல்லும்.

திரையே இல்லாத "இனிஷியல்" டெர்மினல் எதற்கு?

ஈமாக்ஸின் உள்ளே எல்லாமே ஏதாவது ஒரு ஃபிரேம் இருக்கிறது என்று நம்பித்தான் எழுதப்பட்டிருக்கிறது. பஃபரை (திறந்து வைத்த உரையை) காட்ட விண்டோ (ஃபிரேமுக்குள் ஒரு பகுதி, மேலே சொன்ன ஜன்னல் அல்ல) வேண்டும், விண்டோவுக்கு ஃபிரேம் வேண்டும், ஃபிரேமுக்கு டெர்மினல் வேண்டும். ஆனால் எந்தத் திரையும் கிடைக்காத நேரங்கள் உண்டு. ஈமாக்ஸைக் கட்டும்போது லிஸ்ப் கோப்புகளை ஏற்றி, அந்த நிலையை அப்படியே ஒரு கோப்பாகக் கொட்டி வைக்கிறார்களே, அப்போது திரை கிடையாது. இருந்தாலும் திறக்கக் கூடாது, ஏனென்றால் திறந்த இணைப்பைக் கோப்பில் சேமித்து நாளைக்கு இன்னொரு கணினியில் உயிர்ப்பிக்க முடியாது. பேட்ச் முறையில் திரை கிடையாது. டீமனாக, அதாவது பின்னணியில் காத்திருக்கும் சர்வராக, தொடங்கும்போதும் கிடையாது.

அதனால் எதுவும் வரையாத, எதையும் படிக்காத ஒரு பொம்மை டெர்மினலையும் அதன்மேல் ஒரு ஃபிரேமையும் முதலிலேயே செய்து வைத்துவிடுகிறார்கள். டீமனில் இருக்கும்போது ஃபிரேம் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள், எஃப்1 என்ற பெயரில், நீங்கள் ஒருபோதும் கண்ணால் பார்த்திராத ஒரு ஃபிரேம் இருக்கும். அதுதான் இது. "இல்லை" என்ற நிலையை ஒவ்வொரு இடத்திலும் தனியாகச் சோதிப்பதை விட, "இல்லை" என்பதையே ஒரு வகையாக்கி வைப்பது மிக நல்ல முடிவு என்பது என் கருத்து.

சரி, அந்த ஃபங்ஷன் என்ன வரிசையில் வேலை செய்கிறது?

முதலில் திரையில் வெற்றிடத்தை நிரப்ப ஒரு இடைவெளி கிளிஃபை (திரையில் வரையும் எழுத்து வடிவத்தை) தயார் செய்கிறது, இனிஷியல்-விண்டோ-சிஸ்டத்துக்கு "நில்" (லிஸ்ப்பில் "எதுவும் இல்லை") என்று மதிப்புக் கொடுக்கிறது. அடுத்து, ஜன்னலின் அளவு மாறினால் கர்னல் அனுப்பும் சிக்விஞ்ச் சிக்னலைப் பிடிக்க ஏற்பாடு செய்கிறது. ஜன்னல் முறை தேர்வாகப்போகிறது என்றாலும் இதைச் செய்கிறது. ஏன் என்றால், இப்போது எக்ஸில் தொடங்கினாலும் நாளைக்கு நீங்கள் ஒரு டிடிஒய் ஃபிரேம் திறக்கலாம்; அப்போது அது அளவு மாற்றத்துக்கு அசையாமல் நின்றுவிடக் கூடாது.

அப்புறம் டீமனா என்று பார்க்கிறது. டீமன் என்றால் அங்கேயே திரும்பிவிடும், விண்டோஸில் மட்டும் தொடர்ந்து போகும்.

அடுத்துதான் ஜன்னல் முறைக்கான கேள்வி. எக்ஸ் சேர்த்துக் கட்டிய ஈமாக்ஸில், ஜன்னல் வேண்டாம் என்று நீங்கள் சொல்லவில்லை என்றால், டிஸ்ப்ளே என்ற சூழல் மாறியைப் பார்க்கும். அதில் ஏதாவது இருந்தால் அந்த எக்ஸ் சர்வரோடு ஒரு தடவை இணைந்து பார்க்கும், இணைப்புக் கிடைத்ததும் உடனே மூடிவிடும். இது வெறும் சோதனை. கிடைத்தால் இனிஷியல்-விண்டோ-சிஸ்டத்துக்கு "எக்ஸ்" என்று எழுதிவிட்டுத் திரும்பிவிடும். கிடைக்கவில்லை என்றால், அந்த டிஸ்ப்ளே கிடைக்கவில்லை, மைனஸ் என்டபிள்யூ (ஜன்னல் வேண்டாம் என்ற விருப்பம்) கொடுத்ததுபோல நடந்துகொள்கிறேன் என்று பிழை வெளியீட்டில் ஒரு வரி எழுதிவிட்டு டெர்மினலுக்குப் போகும்.

ஜன்னல் கேள்வியை டெர்மினலுக்கு முன்னால் கேட்பதற்குக் காரணம் நிரலின் குறிப்பிலேயே இருக்கிறது: ஜன்னலில் ஓடப்போகிற ஈமாக்ஸ், தன்னைத் தொடங்கிய டெர்மினல் மட்டமானது என்பதற்காக வழியிலேயே செத்துவிடக் கூடாது.

"எக்ஸ்" என்று எழுதிவிட்டு உடனே திரும்பிவிடுகிறதே, ஜன்னலை யார் திறக்கிறார்கள்?

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி, இந்தப் பக்கத்தை எழுதவே இதுதான் காரணம். இந்த ஃபங்ஷன் ஜன்னல் பக்கம் முடிவை மட்டும்தான் எடுக்கிறது, திறப்பதில்லை. திறப்பது லிஸ்ப்பின் வேலை.

சி பக்கத்து வேலைகள் முடிந்ததும் ஸ்டார்ட்அப்.எல் ஓடுகிறது. அது இனிஷியல்-விண்டோ-சிஸ்டத்தைப் பார்த்து, டெர்ம் அடைவிலிருந்து அதற்குரிய கோப்பை எடுத்துக்கொள்கிறது: எக்ஸ் என்றால் எக்ஸ்-வின், விண்டோஸ் என்றால் டபிள்யூ32-வின், மேக் என்றால் என்எஸ்-வின். கட்டளை வரியில் அந்த முறைக்கென்று வந்த விருப்பங்களைப் படித்துத் தனியே வைக்கிறது, பிறகு விண்டோ-சிஸ்டம்-இனிஷியலைசேஷன் என்ற ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. எக்ஸ் என்றால் அது எக்ஸ்-ஓபன்-கனெக்ஷனைக் கூப்பிடும், அங்கிருந்து மீண்டும் சி பக்கம் இறங்கி எக்ஸ்டெர்ம்.சி கோப்பில் உண்மையான இணைப்பு உருவாகும். அங்கேதான் புது டெர்மினல் கட்டமைப்பு பிறக்கிறது. திரையைத் துடைக்க எது, நிகழ்வுகளைப் படிக்க எது, ஃபிரேமை முன்னால் கொண்டுவர எது என்று அதன் ஹுக்குகளில் ஒவ்வொரு ஃபங்ஷன் பாயிண்டராக நிரப்புகிறார்கள். கடைசியில் ஃபிரேம் உருவாகி நம் கண்ணுக்குத் தெரிகிறது.

இப்படிச் சி, லிஸ்ப், மறுபடி சி என்று ஏன் சுற்ற வேண்டும்? ஜன்னல் திறக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயங்கள் நிறைய: எந்த எழுத்துரு, என்ன அளவு, கருவிப்பட்டி வேண்டுமா. இதெல்லாம் லிஸ்ப்பில் அமைவது. ஈமாக்ஸ் 27-இல் வந்த எர்லி-இனிட் என்ற பயனர் அமைப்புக் கோப்பு முதல் ஜன்னல் தெரிவதற்கு முன்பே ஓட முடிவது இந்த இடைவெளி இருப்பதால்தான். கருவிப்பட்டி ஒரு நொடி தெரிந்து மறையும் எரிச்சல் அதில் போய்விட்டது.

டெர்மினல் பக்கமும் இப்படித்தானா?

இல்லை, அங்கே முடிவும் திறப்பும் ஒரே இடத்தில். நிலையான உள்ளீடு (ஸ்டேண்டர்ட் இன்புட்) ஒரு டிடிஒய் தானா என்று சோதிக்கும், இல்லை என்றால் அங்கேயே நின்றுவிடும். டெர்ம் என்ற சூழல் மாறியைப் படிக்கும் (விண்டோஸில் அந்த மாறியைப் பார்ப்பதில்லை, விண்டோஸ் கன்சோல் என்றே எடுத்துக்கொள்கிறது), மாறி காலியாக இருந்தால் அதை அமையுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியேறும். பிறகு இனிட்_டிடிஒய் கூப்பிடப்படும். அது அந்த டெர்மினல் வகையின் திறன்களை டெர்ம்கேப் அல்லது டெர்மின்ஃபோ தரவிலிருந்து எடுத்துப் பார்க்கும். கர்சரை வேண்டிய இடத்தில் வைக்கத் தெரியாத டெர்மினல் என்றால், ஈமாக்ஸை ஓட்ட இதற்குச் சக்தி போதாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிடும். டெர்ம் மாறியின் மதிப்பு "டம்ப்" (மந்தமான டெர்மினல்) என்று இருக்கும்போது வரும் பிழை இதுதான்.

எல்லாம் சரி என்றால் ஒரு அழகான மாற்றம் நடக்கும். பொம்மை டெர்மினல்மேல் உட்கார்ந்திருந்த முதல் ஃபிரேமை அப்படியே தூக்கி இந்தப் புது டெர்மினல்மேல் வைத்துவிடுவார்கள். புதியதின் எண்ணிக்கை ஒன்று ஏறும், பழையதின் எண்ணிக்கை ஒன்று இறங்கும், பூஜ்யமானால் பொம்மை டெர்மினல் நீக்கப்படும். எக்ஸில் புது ஃபிரேம் பிறக்கிறது, இங்கே பழைய ஃபிரேம் வீடு மாறுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

இனிட்_டிடிஒய்-க்குக் கொடுக்கும் மூன்றாவது மதிப்பையும் கவனியுங்கள். தொடக்கத்தில் கூப்பிடும்போது "கட்டாயம் வெற்றி பெற வேண்டும்" என்று சொல்லப்படுகிறது, தோற்றால் ஈமாக்ஸ் நின்றுவிடும். ஓடிக்கொண்டிருக்கும் ஈமாக்ஸில் ஈமாக்ஸ்கிளையன்ட் (அதோடு வெளியிலிருந்து இணையும் சிறு நிரல்) வழியாக ஒரு டிடிஒய் திறக்கும்போது அப்படிச் சொல்லப்படுவதில்லை, தோற்றால் சாதாரண லிஸ்ப் பிழைதான் வரும். யாரோ ஒரு மூலையில் மோசமான டெர்மினலிலிருந்து இணைய முயன்றார் என்பதற்காகச் சேமிக்காத 20 பஃபர்களோடு எடிட்டர் சாகக் கூடாதில்லையா.

டிஸ்ப்ளே மாறி சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் டெர்மினலில்தான் திறக்கிறது. ஏன்?

பெரும்பாலும் டிமக்ஸ் அல்லது ஸ்கிரீன், அதாவது இணைப்பு அறுந்தாலும் ஷெல்லைக் காத்து வைக்கும் நிரல்கள். எக்ஸ் ஃபார்வர்டிங் (தொலைவில் ஓடும் நிரலின் ஜன்னலை இங்கே காட்டுவது) போட்டு எஸ்எஸ்எச்-இல் போகிறீர்கள், டிமக்ஸ் தொடங்குகிறீர்கள், இணைப்பு அறுந்து மறுபடி வருகிறீர்கள். உள்ளே இருக்கும் ஷெல்லில் பழைய மதிப்பு அப்படியே இருக்கும், அந்த எண்ணில் இப்போது கேட்க ஆளில்லை. சோதனை இணைப்புத் தோற்கிறது, ஈமாக்ஸ் டெர்மினலுக்கு இறங்குகிறது. நான் ஒரு நாள் முழுக்க இதை என் கட்டமைப்புக் கோப்பில் தேடியிருக்கிறேன், திரையில் வந்த அந்த ஒற்றை எச்சரிக்கை வரி ஈமாக்ஸ் எழுந்ததும் அழிந்துபோனதால்.

ஒரு நுணுக்கம். டிஸ்ப்ளேயை மாறி வழியாகக் கொடுக்காமல் கட்டளை வரியில் மைனஸ் மைனஸ் டிஸ்ப்ளே என்று நீங்களே கொடுத்தால், மேலே சொன்ன சோதனை நடக்காது. நேராக எக்ஸ் என்று முடிவாகிவிடும், பிறகு இணைப்புத் தோற்றால் ஈமாக்ஸ் பிழை சொல்லி நின்றுவிடும். சூழலில் தற்செயலாக இருந்த மதிப்பு வேறு, பயனர் வாயால் சொன்னது வேறு. முதலாவதில் இறங்கிப் போகலாம், இரண்டாவதில் கூடாது. நான் இதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

எக்ஸ் பகுதியில் டிகெட்என்ட் கூப்பிடுவது எதற்கு? அது டெர்மினல் வேலை ஆயிற்றே?

டெர்மினல் நூலகமான என்கர்சஸின் சில பதிப்புகளில், டெர்மினலின் திறன்களைப் படிக்கும் டிகெட்என்டை ஒரு தடவைகூடக் கூப்பிடாமல், டெர்மினலுக்குக் கட்டளை அனுப்பும் டிபுட்ஸைக் கூப்பிட்டால் நிரல் விழுந்துவிடும். அதற்காக எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினல் வகையின் பெயரைக் கொடுத்துச் சும்மா ஒரு தடவை கூப்பிட்டு வைக்கிறார்கள். தொடாதீர்கள்.

விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டில் என்ன வித்தியாசம்?

விண்டோஸிலும் மேக்கிலும் டிஸ்ப்ளே மாறி என்ற பேச்சே இல்லை. ஜன்னல் வேண்டாம் என்று சொல்லாதவரை ஜன்னல்தான். விண்டோஸில் ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒரே ஈமாக்ஸில் ஜன்னல் ஃபிரேமையும் கன்சோல் ஃபிரேமையும் கலக்க முடியாது. ஜன்னலில் ஓடும் சர்வரிடம் டெர்மினல் ஃபிரேம் கேட்டால் ஜன்னல்தான் கிடைக்கும். இது உங்கள் அமைப்பின் தவறு இல்லை.

ஆண்ட்ராய்டு 2025 பிப்ரவரியில் வந்த ஈமாக்ஸ் 30-இல் சேர்ந்தது. அங்கே முதலில் எழுவது ஜாவா பக்கம். அது ஒரு தனி த்ரெட்டைத் தொடங்கி அதற்குள் சி நிரலை ஓட்டுகிறது. அதன்பின் வரும் முடிவெடுக்கும் துண்டு மற்ற தளங்களைப் போன்றதுதான்.

பிஜிடிகே 2023-இல் வந்த ஈமாக்ஸ் 29-இல் சேர்ந்தது. அதை எக்ஸில் ஓட்டினால் எச்சரிக்கை வரும், அதை மதியுங்கள். வேலண்டில் இருப்பவர்களுக்காகக் கட்டப்பட்டது அது.

டீமனில் மட்டும் என் எழுத்துரு அமைப்பு வேலை செய்யவில்லையே?

உங்கள் இனிட் கோப்பில் "ஜன்னலில் இருந்தால் இந்த எழுத்துரு" என்று ஒரு நிபந்தனை இருக்கும். டீமன் அந்தக் கோப்பைப் படிக்கும்போது இருப்பது பொம்மை டெர்மினல் மட்டும்தான், நிபந்தனை பொய்யாகிவிடும், அப்புறம் ஜன்னல் வரும்போது யாரும் அந்த வரியை மறுபடி படிக்க மாட்டார்கள். ஃபிரேம் உருவான பிறகு ஓடும் ஹுக்கில் அதைப் போடுங்கள். ஈமாக்ஸ் 27 முதல் சர்வர்-ஆஃப்டர்-மேக்-ஃபிரேம்-ஹுக் இருக்கிறது. ஃபிரேமையே வாங்கிக்கொண்டு வேலை செய்ய வேண்டுமென்றால் ஆஃப்டர்-மேக்-ஃபிரேம்-ஃபங்ஷன்ஸ்.

டீமனோடு தொடர்புடைய இன்னொன்று: ஜிடிகே (மெனு, பொத்தான்களை வரையும் கருவித்தொகுப்பு) சேர்த்துக் கட்டிய எக்ஸ் ஈமாக்ஸில், எக்ஸ் இணைப்பு திடீரென்று அறுந்தால் டீமனே விழுந்துவிடலாம். ஜிடிகேயில் பல ஆண்டுகளாக இருக்கும் குறை இது. அது தொந்தரவு என்றால் லூசிட் கருவித்தொகுப்போடு கட்டிக்கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்து ஜன்னலில் சரியாக வருகிறது, டெர்மினலில் நகர்ந்து நகர்ந்து வருகிறது. டிஸ்ப்ளே தொடக்கத்தில் பிழையா?

இல்லை. ஜன்னலில் எழுத்தை வடிவமைப்பது ஈமாக்ஸின் பொறுப்பு, 27 முதல் ஹார்ஃப்பஸ் நூலகத்தோடு. டெர்மினலில் ஈமாக்ஸ் எழுத்துக்குறிகளை அனுப்புகிறது, வரைவது டெர்மினல் எமுலேட்டர். "கொ" போன்ற ஒன்று எத்தனை கட்டம் பிடிக்கும் என்பதில் இருவரும் வெவ்வேறு கணக்குப் போட்டால் கர்சர் ஒரு இடத்திலும் எழுத்து ஒரு இடத்திலும் இருக்கும். கன்ட்ரோல்-எச் எச் அடித்து வணக்கம் கோப்பைத் திறந்து தமிழ் வரியில் கர்சரை நகர்த்திப் பாருங்கள், உங்கள் எமுலேட்டரின் குணம் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

புதிதாக ஒரு டிஸ்ப்ளே வகை சேர்க்க வேண்டுமென்றால்?

அவுட்புட்_மெத்தட் பட்டியலில் ஒரு பெயர், அந்தக் கருவியின் விவரங்களை வைக்க ஒரு கட்டமைப்பு, டெர்மினலை உருவாக்கி ஹுக்குகளை நிரப்பும் ஒரு ஃபங்ஷன், கிளிஃப்களை வரைய ரீடிஸ்ப்ளே_இன்டர்ஃபேஸ், டெர்ம் அடைவில் உங்கள் பெயரில் ஒரு வின் கோப்பு, கடைசியாக இனிட்_டிஸ்ப்ளே_இன்டராக்டிவில் நாலு வரி. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் பெரிய வேலை என்று நினைக்கிறார்கள், அதுதான் மிகச் சின்னது. மாதிரிக்கு எக்ஸ்டெர்ம்.சி-யை எடுக்காதீர்கள், அது 30 ஆயிரம் வரிகளைத் தாண்டிவிட்டது. ஹைக்கூடெர்ம்.சி-யைப் படியுங்கள், அது எக்ஸ்டெர்ம்.சி அளவில் ஒரு சிறு பங்குதான், எது கட்டாயம் எது கூடுதல் என்பது தெளிவாகத் தெரியும்.

இதையெல்லாம் ஓடும்போதே எப்படிப் பார்ப்பது?

எஸ்ஆர்சி அடைவிலிருந்தே ஜிடிபி என்ற பிழைதேடும் நிரலைத் தொடங்குங்கள், அங்கே இருக்கும் .ஜிடிபிஇனிட் லிஸ்ப் மதிப்புகளைப் படிக்கும்படி அச்சிடும் கட்டளைகளைத் தரும். இனிட்_டிஸ்ப்ளே_இன்டராக்டிவில் ஒரு நிறுத்தம் வைத்து, ஒருமுறை டிஸ்ப்ளே மாறியோடும் ஒருமுறை அது இல்லாமலும் ஓட்டி, எந்த ரிட்டர்னில் வெளியே வருகிறது என்று பாருங்கள். டெர்மினல் பாதையைப் பார்க்கும்போது ஈமாக்ஸுக்கு வேறொரு டிடிஒய் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஜிடிபியும் ஈமாக்ஸும் ஒரே திரைக்குச் சண்டை போடும்.